கலசத்து மன்னாவும் காலை மன்னாவும்
தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டு மரபைக் காத்தல் குறித்து ஒரு திறனாய்வு

"மரபைக் காக்க வேண்டும்" என்னும் குரல் நம் சபைகளில் அண்மைக் காலமாக அடிக்கடி கேட்கிறது. நூற்றாண்டு விழா மலர்களில் பழைய கீர்த்தனைகளைப் பற்றிய கட்டுரைகள் இடம்பெறுகின்றன. பேராய விழாக்களில் இளைஞர்க்கெனக் கீர்த்தனைப் போட்டிகள் நடைபெறுகின்றன. முதியோர் பாடுவதைக் கைபேசியில் பதிவுசெய்யும் வழக்கமும் பரவியுள்ளது. இவை யாவும் வரவேற்கத்தக்கனவே. எனினும், காக்கப்படுவது எது, யாருக்காகக் காக்கப்படுகிறது, காப்பவர் யார் என்னும் மூன்று வினாக்களை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. எழுப்பாது விடுவதால் விளையும் தீங்கு சிறிதன்று. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் காவலே மரபின் மூச்சை நிறுத்திவிடலாம். அன்றேல், காக்கத் தகாத ஒன்றைத் தூயதெனப் போர்த்தி அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்துவிடலாம். இவ்விரண்டு ஆபத்துகளையும் மனத்திற்கொண்டு, நம் பாட்டு மரபை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

1. உலக மன்றம் தரும் இலக்கணம்

கோயில்களையும் கோட்டைகளையும் காக்கும் முயற்சி உலகில் நெடுங்காலமாக உண்டு. கல்லாலும் மரத்தாலும் ஆகாத செல்வங்களும் மாந்தர்க்கு உள என்பதை நாடுகள் கூடி ஒப்புக்கொண்டது பிற்காலத்திலேயாம். 2003ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் பாரிஸ் நகரில் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை அதற்குரியது. இந்தியா 2005இல் அதில் இணைந்தது. 2006இல் அது நடைமுறைக்கு வந்தது. வாய்மொழி வழக்குகள், நிகழ்த்துகலைகள், சமுதாயச் சடங்குகளும் விழாக்களும், இயற்கை பற்றிய அறிவு, கைவினைத் திறன் ஆகிய ஐந்து துறைகளை அது சுட்டுகிறது.

அவ்வுடன்படிக்கை தரும் இலக்கணத்தில் நமக்கு மிகவும் பயன்படும் கூறுகள் மூன்று. முதலாவது, ஒரு வழக்கத்தைத் தம் மரபு என்று அறிந்து சொல்லும் உரிமை அதை வழங்கிவரும் மக்களுக்கே உரியது. அறிஞர்க்கோ அரசுக்கோ அன்று. இரண்டாவது, அம்மரபு ஒவ்வொரு தலைமுறையிலும் மக்களால் மீண்டும் மீண்டும் புதிதாக ஆக்கப்படுவது; மாறாது நிற்பது அதன் இயல்பன்று. மூன்றாவது, மனித உரிமைகளோடும், சமுதாயங்கள் ஒன்றையொன்று மதிக்கும் கடமையோடும் பொருந்தும் மரபே இங்குக் கருதப்படும். ஆகவே, பழைமையானது என்ற ஒரே காரணத்தால் எதுவும் காக்கத்தக்கதாகி விடாது. 2015இல் வகுக்கப்பெற்ற பன்னிரண்டு ஒழுக்க நெறிகளும், மரபைக் காப்பதில் முதலிடம் அம்மக்களுக்கே என்று வற்புறுத்துகின்றன.

உடன்படிக்கையின் குறையையும் சொல்லியாக வேண்டும். அது பட்டியல்களை ஏற்படுத்தியது. பட்டியல் என்று ஒன்று இருப்பின் அதில் இடம்பெறப் போட்டியும் எழும். கொல்கத்தாவின் துர்க்கை பூசை 2021இலும், குஜராத்தின் கர்பா நடனம் 2023இலும் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது நாடெங்கும் மகிழ்ச்சி எழுந்தது. மகிழ்ச்சி தவறன்று. ஆயின், விண்ணப்பிப்பது அரசு. இசைவுக் கையொப்பம் இடுவதே மக்களின் பங்கு என்றாகிவிடின், முதற்கூறு ஏட்டளவில் நின்றுவிடும். மேலும், பெயர் பெற்ற பெருவிழாக்களே பட்டியலின் கண்ணில் முதலிற் படும். குக்கிராமச் சபையொன்றில் நான்கு பெண்கள் அறிந்த ஒரு பாட்டைப் பட்டியல் காப்பாற்றாது. அதைக் காக்க வேண்டியவர் அங்குள்ளவரே.

2. வேதாகமத்தில் ஒப்புவித்தல்

திருமறை மாணவர்க்கு இவ்வினா புதியதன்று. புதிய ஏற்பாட்டில் மரபைக் குறிக்கும் கிரேக்கச் சொல் "பாரதோசிஸ்" என்பது. கையிலிருந்து கைக்கு ஒப்புவித்தல் என்பது அதன் பொருள். 1 கொரிந்தியர் 11:23இல் பவுல் அப்போஸ்தலன், தாம் பெற்றுக்கொண்டதைச் சபைக்கு ஒப்புவித்ததாகக் கூறுகிறார். அதே வசனத்தில், ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இராத்திரியையும் குறிப்பிடுகிறார். மூலமொழியில் இரண்டு இடங்களிலும் வருவது ஒரே வினைச்சொல். ஒப்புவித்தலும் காட்டிக்கொடுத்தலும் ஒரே செயலின் இரு முகங்களாகக் கூடும் என்பதை மரபைப் பேசும் எவரும் மறத்தலாகாது. மாற்கு 7ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் முன்னோர் பாரம்பரியத்தைக் கண்டித்ததும் இக்காரணத்தாலேயே: பெற்றோரைத் தாங்கும் கடமையிலிருந்து தப்புவதற்கு அங்கு மரபு கருவியாயிற்று.

எசேக்கியா ராஜாவின் செயலும் ஈண்டு நோக்கத்தக்கது. அவர் உடைத்தெறிந்த வெண்கலச் சர்ப்பம் மோசே தம் கையால் செய்தது (2 இராஜாக்கள் 18:4). வனாந்தரத்தில் உயிர் காத்த பொருள்தான் அது. அதைவிடத் தொன்மையும் அதைவிட உயர்ந்த பிறப்பும் உடைய பொருள் ஒன்றை அக்காலத்து எருசலேமில் காண்பது அரிது. எனினும் ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கியபோது, அது வெறும் வெண்கலத் துண்டென்று பெயரிட்டு அழிக்கப்பட்டது.

மன்னாவின் கதை மற்றொரு பாடத்தைத் தருகிறது. யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் மன்னா இரு வகையாகக் கையாளப்படுகிறது. காலைதோறும் பெற்று அன்றே உண்ண வேண்டிய மன்னாவை மறுநாளைக்கென வைத்தவர் வீட்டில் அது பூச்சி பிடித்து நாறிற்று. ஆயின், வருந்தலைமுறைகள் காணும்படி ஓர் ஓமர் அளவு மன்னாவைக் கலசத்தில் இட்டுக் கர்த்தருடைய சந்நிதியில் வைக்குமாறு கட்டளையும் பிறந்தது. கலசம் தேவையில்லை என்று நாம் கூறோம். ஏட்டுச்சுவடியும் ஒலிப்பதிவும் நூலகமும் அக்கலசம் போன்றவை. ஆயின், கலசத்து மன்னாவை உண்டு ஒருவரும் நாற்பது ஆண்டு நடந்ததில்லை. நடந்தவர் உண்டது காலை மன்னாவே. பாட்டு மரபைக் காத்தல் என்றால் கலசத்தை நிரப்புவது என்றே பலர் எண்ணுகிறோம்; காலையில் பொறுக்கப் போவோர் உளரா என்று நோக்குவதில்லை.

3. வேதநாயகம் சாஸ்திரியார்: கொடையும் குறையும்

தமிழ்ச் சீர்திருத்தச் சபையின் பாட்டு இரு ஆறுகளாக ஓடிவந்தது. ஒன்று, 1706இல் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் இறங்கிய பின், ஜெர்மானிய மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொற்களைப் பொருத்திப் பாடிய ஞானப்பாட்டு மரபு. பப்ரிசியுஸ் ஐயரின் மொழிபெயர்ப்புகளால் அது செழித்தது. மற்றொன்று, தமிழ் இசையிலும் தமிழ் யாப்பிலும் பிறந்த கீர்த்தனை மரபு. இரண்டாவதற்குத் தலைமகனாய் விளங்குபவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, இரண்டாம் சரபோஜி மன்னரின் காலத்தில் புலமையில் சிறந்தவர் அவர்.

அவர் செய்ததைக் கூர்ந்து நோக்கின், மரபைக் காத்தல் என்பதன் உண்மைப் பொருள் புலனாகும். குறவஞ்சி அக்காலத்து அரண்மனைகளிலும் கோயில்களிலும் ஆடப்பட்ட நாடக வகை. உலா வரும் தலைவன்மேல் காதல் கொண்ட தலைவிக்குக் குறத்தி குறி சொல்வாள். குறவன் பறவை பிடிக்க வலை விரிப்பான். சாஸ்திரியார் அவ்வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். தலைவி தேவமோகினி சீயோன் குமாரத்தியாகிய திருச்சபையாகிறாள், தலைவன் கிறிஸ்து, குறத்தியும் குறவனும் நற்செய்திப் பணியின் உருவகங்களாகின்றனர். அதனோடு நில்லாது, தாம் மிஷன் கல்வியில் கற்ற புதிய பூகோளத்தையும், கதிரவனைக் கோள்கள் சுற்றிவரும் அமைப்பையும் அந்நாடகத்துக்குள் புகுத்தினார். மரபின் மேல் கை வைக்கலாகாது என்று எண்ணியிருப்பின் அவர் ஒரு வரியும் எழுதியிருக்க இயலாது.

அவர் அரண்மனை வடிவங்களை மட்டும் எடுத்தாரல்லர். கும்மியையும் நொண்டி நாடகத்தையும் ஏற்றப்பாட்டையும் எடுத்தார். இவற்றுள் ஏற்றப்பாட்டைச் சற்றே விரித்துச் சொல்லுதல் தகும். ஏற்றமரத்தின்மேல் ஆள் முன்னும் பின்னும் நடக்க, சால் கிணற்றில் இறங்கி ஏறும். கீழே நிற்பவர் சாலைக் கவிழ்த்து வாய்க்காலில் நீரை விடுவார். சாலுக்கு ஓர் அடியாகப் பாட்டு நடக்கும். இறைத்த சாலின் எண்ணிக்கையும் பாட்டுக்குள்ளேயே அடங்கும். ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்பது பழமொழி. ஏற்றக்காரன் பாடிய ஓரடிக்கு அடுத்த அடி காணாமல் கம்பரே திகைத்து, மறுநாள் வரை காத்திருந்தார் என்று ஊரார் கதை சொல்வர். அப்படிப்பட்ட உழைப்பின் பாட்டைச் சாஸ்திரியார் ஞான ஏத்தப் பாட்டாக்கினார்.

இன்று ஏற்றம் எங்கே? மின்சார இறைப்பொறி வந்தபின் அது வயலைவிட்டு மறைந்தது. அதற்காக நாம் வருந்த வேண்டுவதில்லை. வெயிலில் மரத்தின்மேல் நடந்தவரின் கால்களைக் கேட்டால் அவை வருந்தா. ஆயின், ஏற்றம் போனதும் பாட்டுக்கு இருந்த இடமும் போயிற்று. பதிவுசெய்த ஏற்றப்பாட்டைக் கேட்கலாம். அதைக்கொண்டு எவரும் நீர் இறைக்கப் போவதில்லை. பாட்டுக்கு வேறொரு வேலை கிடைத்தாலன்றி அது வாழாது. சாஸ்திரியார் தம் காலத்தில் அதற்கு ஒரு புதிய வேலை கொடுத்தார். அச்செயலே அவரிடமிருந்து நாம் முதலில் கற்க வேண்டியது.

இனி, குறையையும் மறைக்காது கூறுவோம். 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிமார் சிலர் சபையில் பல மாற்றங்களைப் புகுத்தினர். பப்ரிசியுஸின் வேத மொழிபெயர்ப்புக்குப் பதிலாகப் புதியது வந்தது. தமிழ்ப்பாட்டும் விழாக்களும் தடைப்பட்டன. திருவிருந்திலும் ஆலயத்திலும் சாதி வேற்றுமை ஒழிய வேண்டுமென்று வற்புறுத்தப்பட்டது. சாஸ்திரியார் இவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து எதிர்த்தார். 1829இல் அவர் எழுதியவற்றில், பாட்டுக்காக வழக்காடும் அதே கை, வேளாளர் தனித்து அமரும் வழக்கத்துக்காகவும் வழக்காடுகிறது. 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சாதியைச் சபைக்குள் வைத்தல் ஆகாது என்று சுற்றுமடல் விடுத்தபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு விலகினர்.

இங்கே இரு தரப்பினரும் ஒரே பிழையைச் செய்தனர் என்பது நம் துணிபு. பாட்டையும் சாதியையும் பிரித்தறியாது இரண்டையும் "மரபு" என்று ஒரே மூட்டையாகக் கட்டினர். மிஷனரிமார் மூட்டையோடு எறிய முயன்றனர். சாஸ்திரியார் மூட்டையோடு சுமக்க முயன்றார். மூட்டையை அவிழ்த்துப் பார்க்க ஒருவரும் முன்வரவில்லை. இன்று அவர் பாடல்களைப் பெருமையோடு பாடுகின்ற நாம், அவர் எழுதிய அந்தப் பக்கங்களை நம் மாணவர்க்குக் கற்பிக்கிறோமா? கற்பிக்காவிடின், காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு மறைக்கிறோம்.

4. ஒரு போட்டியில் நாம் கற்றது

நாம் போதகராகப் பணியாற்றிய ஒரு கிராமச் சேகரத்தில், பல ஆண்டுகளுக்குமுன், லெந்து நாட்களில் கீர்த்தனைப் போட்டி ஒன்றை ஏற்பாடு செய்தோம். பழைய பாட்டுகள் அழியாதிருக்க வேண்டும் என்பதே நம் நோக்கம். நகரத்திலிருந்து இசை பயின்ற ஒருவரை நடுவராக அழைத்தோம். இராகத்துக்குப் பத்து, தாளத்துக்குப் பத்து, உச்சரிப்புக்குப் பத்து என மதிப்பெண் வகுத்தோம். சேகரத்தின் மூத்த பெண்மணி ஒருவர், ஐம்பது ஆண்டுகளாக வைகறைப் பாட்டை முன்நின்று பாடிவந்தவர், அதிலே பாடினார். அவர் பாடிய மெட்டு அச்சுநூலில் பாட்டின் தலைப்பில் குறித்த இராகத்தோடு ஒத்துவரவில்லை. நடுவர் இராகத்துக்கு மூன்று மதிப்பெண் இட்டார். நகரத்தில் பயின்ற ஒரு மாணவிக்குப் பரிசு சென்றது. நாமே நம் கையால் அதை வழங்கினோம்.

அடுத்த ஆண்டு அந்தப் பெண்மணி வரவில்லை. அவரோடு பாடும் பெண்களும் வரவில்லை. காரணம் கேட்கச் சென்றபோது அவர் சொன்னது இது: "ஐயா, எங்க பாட்டி சொல்லித் தந்தபடிதான் பாடினேன். நான் பாடினது தப்புன்னா எங்க பாட்டி பாடினதும் தப்பு, அவுங்க அம்மா பாடினதும் தப்பு. அத்தனை பேரையும் மேடையில நிக்க வச்சு மூணு மார்க் போட்டீங்க."

மறுமொழி கூற நமக்கு நா எழவில்லை. அம்மெட்டு ஒருக்கால் அச்சுநூலுக்கும் முந்தியதாயிருக்கலாம். அன்றேல், நான்கு தலைமுறைப் பெண்கள் நாற்று நடும்போது தம் மூச்சுக்கேற்ப அமைத்துக்கொண்டதாயிருக்கலாம். எதுவாயினும் அதுவே அச்சபையின் பாட்டு. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டது பெருந்தொண்டு. அதனாலேயே ஒரு புலவரின் காலட்சேபப் பாட்டு ஊர்ச்சபைகளின் பாட்டாயிற்று. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டதும், பாப்லி ஐயர் 1921இல் இந்திய இசை பற்றி நூல் எழுதியதும் நம் பெருமைக்குரியவை. ஆயின், நூல் பாட்டுக்குத் துணையாக வந்தது, நீதிபதியாக வரவில்லை. நாம் அதை நீதிபதியாக்கினோம். காக்க எண்ணிச் செய்த செயலால், அவ்வூரில் அதுகாறும் உயிரோடிருந்த ஒரு வழக்கத்தை நாமே ஓராண்டு நிறுத்தினோம். பின்பு மன்னிப்புக் கேட்டு, போட்டியைக் கைவிட்டு, திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளை அவர் வீட்டுத் திண்ணைக்கு அனுப்பிய பின்னரே பாட்டு மீண்டது. அங்கு மதிப்பெண் இல்லை. பாட்டி "சரி" என்றால் சரி.

5. பறை: யாருடைய மரபு?

மற்றொரு நிகழ்ச்சி இதனினும் கூர்மையானது. வட்டார இளைஞர் கூடுகை ஒன்றில் "நம் மண்ணின் இசை" என்ற தலைப்பில் பறை முழக்க விரும்பினோம். அவ்வட்டாரத்துச் சபையொன்றின் இளைஞரை அணுகினோம். அவர்களுள் ஒருவர் பணிவோடு, ஆயினும் உறுதியோடு, மறுத்தார்: "எங்க தாத்தா இந்த வேலை வேண்டாம்னு ஊரை எதிர்த்து நின்னு அடி வாங்கினவர். அவர் கீழே போட்டதை எடுத்து உங்க விழாவுக்கு அடிக்கச் சொல்றீங்களே, ஐயா."

பறையின் வரலாறு அறிந்தோர்க்கு அம்மறுப்பின் நியாயம் விளங்கும். மரச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றி, இரு குச்சிகளால் முழக்கப்படும் அக்கருவி இசைத்திறத்தில் எதற்கும் குறைந்ததன்று. ஆயின், சாவுக்கும் ஊர் அறிவிப்புக்கும் அதை அடித்தே ஆகவேண்டும் என்று ஒரு சமுதாயத்தின்மேல் சுமத்தப்பட்ட கட்டாயம் அந்தத் தோலோடு ஒட்டியிருந்தது. தலித் கிறிஸ்தவர் பலர் பறையைக் கைவிட்டது பண்பாட்டை இகழ்ந்ததனாலன்று, அடிமைத்தனத்தை இகழ்ந்ததனாலாம். அவர்கள் விட்டதை "அழிந்துவரும் கலை" என்று புலம்பி, மீண்டும் அடிக்குமாறு கேட்பவர், ஏற்றக்காரனைப் பாட்டுக்காக மீண்டும் ஏற்றத்தில் ஏறச் சொல்பவரை ஒத்தவர்.

எனினும் கதை அத்தோடு முடியவில்லை. அதே சமுதாயத்தின் பிள்ளைகள், 1980களின் பிற்பகுதி தொடங்கி, தலித் கலை விழாக்களில் தாமே பறையை எடுத்தனர். இழிவின் அடையாளமாய் இருந்தது எழுச்சியின் குரலாயிற்று. சாவு வீட்டில் கட்டாயத்தால் அடித்தது, மேடையில் விருப்பத்தால் முழங்கியது. பெண்கள் குழுவாய் முழக்கினர். 2025இல் மதுரை மாவட்டப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் பத்மஸ்ரீ விருது பெற்றார். கருவி ஒன்றே, அடிப்பவரின் உரிமை மாறியது. ஆகவே வினா "பறையைக் காக்கலாமா?" என்பதன்று, "யார் முடிவு செய்வது?" என்பதே. நமக்கு மறுமொழி கூறிய இளைஞரும், பறையைத் தோளில் மாட்டிய இளைஞரும், இருவருமே தம் மரபின்மேல் தம் உரிமையைச் செலுத்தினர். இருவரையும் மதிப்பதே சபைக்கு அழகு.

இதனை இறையியலாகச் சிந்தித்தவர் மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). "பறட்டை" என்ற பெயரால் மாணவரிடையே அறியப்பட்டவர். கர்நாடக இசையோ மேலைநாட்டு இசையோ அன்றி, நாட்டுப்புற இசையே ஒடுக்கப்பட்டோரின் இறையியலுக்குரிய ஊடகம் என்று அவர் வாதிட்டார். பயிற்சியோ செலவோ இன்றி எவரும் அதைப் பாடலாம். பாடுகிறவர் அதை மாற்றவும் செய்யலாம் என்பதே அவர் காட்டிய காரணம். கிராமிய இசையில் வழிபாட்டு முறை ஒன்றை அமைத்தார். கடவுளைப் "பெத்தவரே" என்று பேச்சுத் தமிழில் விளித்தார்; அச்சொல்லில் தாயும் அடங்குவாள், தந்தையும் அடங்குவார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் உண்ணுதல் என்பதைத் தம் சிந்தனையின் நடுவில் வைத்தார். நெல்லைச் சபைகளில் அசனம் என்னும் பொதுவிருந்தை உண்டவர்க்கு இவ்வுருவகம் எளிதில் விளங்கும்.

அப்பாவுவின் கருத்தை நாம் முழுவதும் ஏற்கிறோமில்லை. கர்நாடக இசையைச் சாதியின் குரலென்றே ஒதுக்கிவிடின், கீர்த்தனையை நாற்று நடும்போது பாடிய பெண்களை எங்கே வைப்பது? அவர்கள் மேலோர் இசையைக் கேட்டுத் தமதாக்கிக்கொண்டவர்கள். இராகம் அவர்கள் வாயில் நாட்டுப்பாட்டாக மாறிற்று. ஒரு பாட்டு எங்கே பிறந்தது என்பதைக் காட்டிலும், இன்று அது யார் வாயில், யார் விருப்பத்தால் இருக்கிறது என்பதே முதன்மையானது. அப்பாவுவின் சொந்தக் கொள்கையும் இம்முடிவுக்கே நம்மை இட்டுச்செல்கிறது என்பது நம் எண்ணம். தம் பாட்டுகளை மக்கள் மாற்றிப் பாடுவதை அவர் குறையாகக் கொள்ளவில்லை, வரவேற்றார். 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை "மீண்டும் ஆக்குதல்" என்று எழுதியதை, அதற்கு முன்னரே தமிழகத்துச் சேரிச் சபைகளில் அவர் கண்டுகொண்டார்.

6. இளைஞர் கலமல்லர்

மரபைக் காப்பதில் இளைஞரின் பங்கைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம், அவர்களை ஊற்றி நிரப்ப வேண்டிய கலங்களாகவே கருதுகிறோம். வேதாகமம் அவ்வாறு கருதவில்லை. பஸ்காவைக் குறித்தும் (யாத்திராகமம் 12:26), கற்பனைகளைக் குறித்தும் (உபாகமம் 6:20), யோர்தானில் எடுத்த கற்களைக் குறித்தும் (யோசுவா 4:6) சொல்லப்பட்ட மூன்று இடங்களிலும், பிள்ளை கேட்கிறது. அதன் பின்னரே பெரியவர் சொல்கிறார். ஒப்புவித்தல் பிள்ளையின் வினாவில் தொடங்குகிறது. "இதன் பொருள் என்ன?" என்று கேட்கும் உரிமை இல்லாத பிள்ளை மரபைப் பெறுவதில்லை, மனப்பாடம் செய்கிறது. "இதை ஏன் நாங்கள் அடிக்க வேண்டும்?" என்று கேட்ட அந்த இளைஞர், உண்மையில், மரபைப் பெறும் வேதாகம முறையையே கையாண்டார்.

திரையில் ஒளிரும் புதிய பாட்டுகளையே இளைஞர் விரும்புகின்றனர் என்று போதகர் பலர் குறைகூறுகின்றனர். அப்புதிய பாட்டுகளைப் பற்றிய நம் குறை அவற்றின் புதுமை அன்று. சங்கீதக்காரனே புதுப்பாட்டைப் பாடச் சொல்கிறான். நம் குறை வேறு: எங்கோ ஒலிப்பதிவு செய்யப்பட்டதை அதே சுருதியிலும் அதே பெருமூச்சிலும் எல்லா ஊர்களிலும் நகல் எடுக்கும்போது, பாடும் சபை தன் கையால் எதையும் ஆக்குவதில்லை. ஆயின், அச்சுநூலைப் பார்த்துப் பழைய கீர்த்தனையை நகல் எடுப்பதும் அதே குற்றமே. பழையது புதியது என்பதன்று பிரிவினை. நகல் எடுத்தல், ஆக்குதல் என்பதே பிரிவினை.

இவற்றை மனத்திற்கொண்டு, உடன் ஊழியர்க்கும் மாணவர்க்கும் சிலவற்றை முன்வைக்கிறோம்.

முதலாவது, திடப்படுத்தல் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் சபையின் முதியவர் ஒருவரிடம் ஒரு பாட்டை, அது அக்குடும்பத்துக்கு வந்த கதையோடு, கற்றுவரட்டும். கற்றதைச் சரிபார்ப்பவர் போதகர் அல்லர், கற்றுக்கொடுத்தவரே.

இரண்டாவது, களப்பணிக்குச் செல்லும் இறையியல் மாணவர் பாட்டுகளைப் "சேகரித்து" வருவதோடு அமையாது, ஒன்றையேனும் பாடப் பயின்று வரட்டும். பதிவு செய்யின், பாடியவரின் இசைவோடும் பெயரோடும் செய்து, ஒரு படியை அவரிடமே கொடுக்கட்டும். கலசம் ஊரிலேயே இருக்க வேண்டும்.

மூன்றாவது, பறை முதலிய கருவிகளை வழிபாட்டில் பயன்படுத்த விரும்பும் சேகரங்கள், அக்கருவியின் சமுதாயத்தாரை முதலில் கேட்கட்டும். அவர்கள் மறுப்பின், அம்மறுப்பும் அச்சபையின் மரபே. அதையும் நாம் காக்கக் கடமைப்பட்டுள்ளோம். இசைவு தரின், உரிய ஊதியமும் பீடத்தருகே உரிய இடமும் தருக. வாசலுக்கு வெளியே நின்று முழக்கிய காலம் போதும்.

நான்காவது, பழைய மெட்டுக்குப் புதிய அடிகளைக் கட்ட இளைஞரை ஊக்குவிப்போமாக. அவற்றுள் பல நிலைக்கா. சாஸ்திரியார் காலத்திலும் பலர் பாடினர், நிலைத்தவை சில. எது நிற்கும் என்பதைச் சபை பாடிப் பாடியே முடிவு செய்யும்.

தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது பவுல், அது முதலில் அவன் பாட்டி லோவிசாளிலும் பின்பு அவன் தாய் ஐனிக்கேயாளிலும் குடிகொண்டிருந்தது என்கிறார் (2 தீமோத்தேயு 1:5). லோவிசாள் எழுதிய நூல் ஒன்றுமில்லை. அவள் பெயரால் நினைவுச்சின்னமும் இல்லை. பேரனின் வாயில் அவள் விசுவாசம் வாழ்ந்தது. ஆயின் அப்பேரன் அவள் வாழ்ந்த ஊரிலேயே நின்றுவிடவில்லை. எபேசு வரை சென்று, அவள் கண்டிராத மக்களுக்கு, அவள் சொல்லியிராத சொற்களில் அதைச் சொன்னான். நம் சபைகளின் லோவிசாள்கள் இன்னும் சில ஆண்டுகளே நம்மோடிருப்பர். அவர்களுடைய திண்ணைக்கு நம் பிள்ளைகளை அனுப்பவும், பிள்ளைகள் கேட்கும் வினாக்களுக்கு அஞ்சாதிருக்கவும், அவிழ்க்க வேண்டிய மூட்டையை அவிழ்த்துப் பார்க்கவும் ஆண்டவர் நமக்குத் துணிவு அருள்வாராக.